திறக்காத பழைய பைப் புகையிலை டப்பாக்கள்: மூடி இன்னும் காக்கிறதா, உள்ளிருக்கும் இலை என்ன ஆகியிருக்கும்?

தகரப்பேழை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பைப் பிடித்தவர். அவர் காலமான பிறகு, அவருடைய மேசையின் அடித்தட்டில் இருந்த மரப்பெட்டியை அத்தை என்னிடம் கொடுத்து, "இதன் அருமை உனக்குத்தான் தெரியும், நீயே வைத்துக்கொள்" என்றார். அதில் ஏழு டப்பாக்கள் இருந்தன. ஏழும் திறக்கப்படாதவை.

சட்டைப்பையில் வைக்கும் வடிவிலான சிவப்பு பிரின்ஸ் ஆல்பர்ட் ஒன்று, நீல நிற எட்ஜ்வொர்த் ஒன்று, வட்டமான த்ரீ நன்ஸ் ஒன்று, வெள்ளை நிறத் தட்டை டப்பாவில் பால்கன் சோப்ரானி ஒன்று, டன்ஹில்லின் எர்லி மார்னிங் பைப், நைட்கேப் ஆகிய இரண்டு, ராட்ரேயின் ஓல்டு கௌரி ஒன்று. பிரின்ஸ் ஆல்பர்ட் டப்பாவில் 1907 ஜூலை 30 என்ற தேதி அச்சாகியிருக்கிறது. அப்படியானால் அது நூறு ஆண்டைக் கடந்த புகையிலை என்று எடுத்துக்கொள்ளலாமா? மற்றவற்றின் காலத்தை எப்படிக் கணிப்பது? அதைவிட முக்கியமாக, உள்ளே இருப்பது இன்னும் புகையிலையாகத்தான் இருக்குமா, வெறும் தூளாகியிருக்குமா? நானும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பைப் பிடிப்பவன். மாமா சேர்த்து வைத்ததைத் திறந்து பார்க்கும் ஆசை இருக்கிறது. திறந்துவிட்டுப் பின்னால் வருந்தக் கூடாது என்ற தயக்கமும் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மூடித்தடம்:

நண்பர் தகரப்பேழை அவர்களுக்கு, முதலில் அந்த 1907ஐ மறந்துவிடுங்கள். அது அந்த டப்பா செய்யப்பட்ட தேதி அன்று, ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் அந்தப் புகையிலையைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்ற தேதி. அதன் பிறகு பல பத்தாண்டுகள் வெளிவந்த எல்லா டப்பாக்களிலும் அதே வரி அச்சாகிக்கொண்டே இருந்தது. பழைய டப்பாவின் வயதைக் கணிக்கும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: டப்பாவில் காணும் அடையாளங்களில் மிகப் பழையதைப் பார்க்காதீர்கள், மிகப் புதியதைப் பாருங்கள். ஒரு டப்பாவில் 1907 என்ற எண்ணும் ஐந்திலக்க அமெரிக்க அஞ்சல் குறியீடும் சேர்ந்து இருந்தால், அந்தக் குறியீட்டு முறை 1963இல்தான் வந்தது என்பதால், டப்பா 1963க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. நகரின் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்கம் கொண்ட மண்டல எண் மட்டும் இருந்தால், அது 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

அமெரிக்க டப்பாக்களுக்கு இதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு. மூடியின் மேல் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும் வரி முத்திரைச் சீட்டில் வரிசை எண் என்று மூன்று இலக்கம் இருக்கும். அதனுடன் 1830ஐக் கூட்டினால் ஆண்டு கிடைத்துவிடும். 102 என்றால் 1932. 125 என்றால் 1955. அந்த 125ஆம் வரிசைச் சீட்டுகளையே 1959இல் முறை கைவிடப்படும் வரை ஒட்டினார்கள் என்பதால், 125 என்று கண்டால் மட்டும் நான்கு ஆண்டுகள் வரை பிந்தியதாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டன் டப்பாக்களில் முகவரியையும் எடையையும் பாருங்கள். லண்டன் முகவரியில் திசையெழுத்துக்குப் பின் எண் இருந்தால் 1917க்குப் பிந்தியது, ஏனெனில் அந்த எண்களே அந்த ஆண்டில்தான் வந்தன. எடை அவுன்சில் மட்டும் இருந்தால் பழையது. அவுன்சும் கிராமும் சேர்ந்திருந்தால் 1970களை ஒட்டிய மாற்றக் காலத்தது. பட்டைக்கோடு (பார்கோடு) இருந்தால் 1974க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, ஏனெனில் கடையில் அதை முதன்முதலாக வருடிப் பார்த்ததே அந்த ஆண்டு ஜூனில்தான். டன்ஹில்லுக்குத் தனி வரலாறு உண்டு. 1981 வரை லண்டனில் செய்தார்கள். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரின் மர்ரே நிறுவனம் செய்தது. மர்ரே ஆலை 2005இல் மூடப்பட்டதும் தயாரிப்பு டென்மார்க்குக்குப் போனது. ஆக, உங்கள் இரு டப்பாக்களிலும் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலேயா 1942இல் ஜப்பான் வசம் போனதும் வெள்ளீயம் கிடைப்பது அரிதாகி, அமெரிக்காவில் பல புகையிலைகள் தகர டப்பாவிலிருந்து அட்டைப் பெட்டிக்கு மாறின. ஆகவே, போர் முடியும் வரையிலான அந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்று யாராவது தகர டப்பாவைக் காட்டினால், வரிசை எண்ணைப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

தகரப்பேழை:

மிக்க நன்றி ஐயா. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பிரின்ஸ் ஆல்பர்ட் சீட்டில் 119 என்று இருக்கிறது, ஆக 1949. நூறாண்டுக் கனவு கலைந்தாலும் உண்மை தெரிந்ததில் மகிழ்ச்சிதான். எட்ஜ்வொர்த் டப்பாவில் சீட்டே இல்லை. ரிச்மண்ட் நகரின் பெயருக்குப் பின் ஐந்திலக்க எண் இருக்கிறது. டன்ஹில் இரண்டிலும் பெல்ஃபாஸ்ட். த்ரீ நன்ஸில் எடை அவுன்சில் மட்டும் உள்ளது.

மூடித்தடம்:

எட்ஜ்வொர்த்தைச் செய்த லாரஸ் அண்ட் பிரதர் நிறுவனம் 1974இல் மூடப்பட்டது. நிறுவனப் பெயர் அதுவாகவே இருந்தால், உங்கள் டப்பா 1963க்கும் 1974க்கும் இடையில் கச்சிதமாக அடங்கிவிடுகிறது.

பாடஇலை:

டப்பாவின் வயது ஒரு பாதி. உள்ளிருக்கும் இலை எது என்பது மறுபாதி. எல்லாப் புகையிலையும் வயதால் மேம்படும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று. எந்த இலை மேம்படும், எது மங்கும் என்பது, அந்த இலை பறித்தவுடன் எப்படிப் பாடம் செய்யப்பட்டது என்பதிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது.

வெர்ஜீனியா இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, புகை படாமல் குழாய் வழியே வெப்பத்தைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் காய வைத்துவிடுகிறார்கள். முதலில் மிதமான சூட்டில் இலை மஞ்சளாகும் வரை காத்திருந்து, பிறகு நரம்பும் காயும் அளவுக்குச் சூட்டை 70 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏற்றுவார்கள். இலையில் இருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய அந்தக் கணத்திலேயே இலை செயலற்றுப் போவதால், சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. இலையின் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட அது இருக்கலாம். பர்லி இலையோ காற்றில் வாரக்கணக்கில் மெல்லக் காய்கிறது. அவ்வளவு நாளும் அது உயிரோடிருந்து தன் சர்க்கரையைத் தானே மூச்சாகச் செலவழித்துவிடுவதால், முடிவில் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

இப்போது டப்பாவுக்குள் வருவோம். மூடிய டப்பாவில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் மாற்றத்தில் பெரும்பகுதி, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்ல மெல்ல வினைபுரிந்து நிறமும் மணமும் மாறுவதுதான். சர்க்கரை மிகுந்த வெர்ஜீனியா அதனால்தான் பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பாகி, பிறகு கருமையை எட்டுகிறது. நாக்கைக் கடிக்கும் காரம் குறைந்து, உலர்திராட்சை போன்ற ஓர் ஆழம் வருகிறது. பர்லிக்கு அத்தகைய சரக்கு உள்ளே இல்லை. அது கெடுவதில்லை, ஆனால் பெரிதாக வளர்வதும் இல்லை. உங்கள் எட்ஜ்வொர்த் பர்லி வகை. மாமா அதை வாங்கிய அன்று எப்படி இருந்ததோ, மூடி காத்திருந்தால், இன்றும் அதற்கு அருகிலேயே இருக்கும்.

லட்டாக்கியா வேறு கதை. சிரியாவின் துறைமுகப் பெயரைத் தாங்கிய அந்த இலை, நறுமணக் கட்டைகளையும் புதர்களையும் எரித்த புகையில் வாட்டப்படுவது. சிரியாவில் காடுகள் அழிந்து புகைபோடும் கட்டைக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு, சைப்ரஸ் தீவில் செய்யப்பட்டதே பெரும்பாலும் சந்தைக்கு வந்தது. அதன் மணம் முழுவதும் புகையிலிருந்து வந்து ஒட்டியது என்பதால், காலப்போக்கில் அது அடங்கிப்போகும். இருபது முப்பது ஆண்டு கழித்துத் திறக்கும்போது, கூர்மையான புகைநெடி மறைந்து, மற்ற இலைகளோடு கலந்து வட்டமான ஒரு சுவையாகியிருக்கும். இதை மேன்மை என்று கொண்டாடுவோரும் உண்டு, இழப்பு என்று வருந்துவோரும் உண்டு. நான் இரண்டாம் வகை. பால்கன் சோப்ரானியில் வெர்ஜீனியாவும், யெனிஜே என்ற கீழைநாட்டு இலையும், லட்டாக்கியாவும் கலந்திருக்கின்றன. லட்டாக்கியா தளர்ந்திருந்தாலும் வெர்ஜீனியா வளர்ந்திருக்கும். எனவே, அதை இழந்ததாக நினைக்க வேண்டாம்.

த்ரீ நன்ஸ் பற்றிச் சொல்ல எனக்குத் தனி ஆர்வம் உண்டு. இலையைக் கயிறாக முறுக்கி, குறுக்கே சீவி, சிறு நாணயம் போன்ற வட்டங்களாக ஆக்கியது அது. பழைய டப்பாக்களில் அந்தக் கலவையில் பெரிக் இருந்தது. தயாரிப்பு டென்மார்க்குக்குப் போன பிற்காலத்தில் பெரிக் நீங்கிவிட்டது. பெரிக் என்பது லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் மட்டுமே மரபாகச் செய்யப்படுவது. இலையைப் பீப்பாயில் அடைத்து, மேலே அழுத்தம் கொடுத்து, தன் சாற்றிலேயே ஊறவைத்து, இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, மீண்டும் அழுத்தி, ஏறத்தாழ ஓர் ஆண்டு புளிக்க வைப்பார்கள். உங்கள் டப்பாவில் எடை அவுன்சில் மட்டும் இருப்பதால் உள்ளே பெரிக் இருக்கும் என்று நம்புகிறேன். திறந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

வெற்றுடப்பா:

மேலே எழுதியவர்கள் எல்லாரும் உள்ளிருப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். நான் புகைப்பதில்லை, டப்பாக்களை அவற்றின் அச்சுக்காகவும் வேலைப்பாட்டுக்காகவும் சேர்ப்பவன். தகரத்தின் மீது நேரடியாகப் படம் அச்சிடுவது எளிதாக வந்த கலை அன்று. கல்லிலிருந்து தகட்டுக்கு நேரே அச்சிட்டால் இரண்டும் கடினமானவை என்பதால் மை சீராகப் பதியாது. இடையில் ஓர் உருளையை வைத்து அதன் மூலம் மையை மாற்றும் பொறிக்கு லண்டனைச் சேர்ந்த ராபர்ட் பார்க்லே 1875இல் காப்புரிமை பெற்ற பிறகுதான், இன்று நாம் வியக்கும் அந்த வண்ணத் தகரங்கள் பிறந்தன. காகித அச்சில் பின்னர் உலகெங்கும் பரவிய இடைமாற்று அச்சுமுறை முதலில் தகரத்துக்காகவே உருவானது என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்த டப்பாக்கள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

எனவே என் வேண்டுகோள்: திறக்காதீர்கள். கிழியாத வரிச்சீட்டுடன் இருக்கும் பிரின்ஸ் ஆல்பர்ட் டப்பா ஓர் ஆவணம். அந்தச் சீட்டைக் கிழித்தால் திரும்பவும் ஒட்ட முடியாது. துருவைக் கண்டால் எண்ணெயோ அமிலமோ தேய்க்காதீர்கள். அச்சின் மேலுள்ள மெருகு கரைந்து நிறம் உதிர்ந்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். காகித உறை ஒட்டிய டப்பாவில் ஈரத்துணியைக் கொண்டே போகாதீர்கள்.

அளவைக்கல்:

வெற்றுடப்பா அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் "திறக்காதீர்கள்" என்று எல்லா டப்பாக்களுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவதை ஏற்க இயலவில்லை. அதற்குக் காரணம் எனக்கே நேர்ந்த ஓர் இழப்பு.

நீள்சதுர வடிவிலான தட்டை டப்பாக்கள் பன்னிரண்டை வாங்கி, ஒன்றைக்கூடத் திறக்காமல் ஒன்பது ஆண்டுகள் அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் ஒரே வகை வெர்ஜீனியா. பத்தாம் ஆண்டில் முதல் டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்த இலைத் துண்டு அட்டைபோல் விறைத்து, கையில் எடுத்ததும் பொடிந்தது. அடுத்ததும் அப்படியே. பன்னிரண்டில் ஐந்து முற்றிலும் காய்ந்திருந்தன; இரண்டில் அடிமூலையில் ஊசித்துளை அளவு துரு ஓட்டை இருந்தது. மூடிமேல் ஒட்டிய பட்டை எதுவும் கிழியவில்லை. யாரும் திறக்கவில்லை. ஆனால் காற்று தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

அன்று நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். திறக்கப்படாத டப்பா என்பது வேறு, காற்றுப் புகாத டப்பா என்பது வேறு. வரிச்சீட்டு கிழியாமல் இருப்பது, யாரும் மூடியைத் தூக்கவில்லை என்பதற்குச் சாட்சி. காற்று போய்வந்ததா என்பதற்கு அது சாட்சியே அன்று. பிரின்ஸ் ஆல்பர்ட் போன்ற கீல்மூடி டப்பாவில் காற்றைத் தடுக்கும் வளையமே கிடையாது. சில மாதங்களில் புகைத்து முடிப்பதற்காகச் செய்தது அது. அதற்குள் 1949ஆம் ஆண்டு இலை இன்று சருகாகத்தான் இருக்கும். எனவே, அதை ஆவணமாகவே வையுங்கள் என்பதில் வெற்றுடப்பா அவர்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். நாணயத்தால் நெம்பித் திறக்கும் வட்ட டப்பாவோ, உள்ளே காற்றை உறிஞ்சி, விளிம்பில் மெல்லிய ரப்பர்ப் பூச்சுடன் மூடப்பட்டது. அது முப்பது நாற்பது ஆண்டு தாங்கலாம். மூன்றே ஆண்டில் கைவிடவும் செய்யலாம். வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

குலுக்கிப் பார்ப்பது பலரும் செய்வது. சலசலவென்று சருகுச் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்பார்கள். அழுத்தி அடைத்த இலைத் துண்டுகளுக்கு அது பொருந்தாது. நன்றாக இருப்பதும் அசையும், காய்ந்ததும் அசையாமல் இருக்கும். நான் நம்புவது எடையை மட்டுமே. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் நகைத் தராசு ஒன்று வேண்டும். ஒவ்வொரு டப்பாவையும் வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். காகித உறையும் காற்றின் ஈரத்தை ஏற்று இறக்கும் என்பதால், ஏறத்தாழ அதே அளவு காகிதம் ஒட்டிய வெற்று டப்பா ஒன்றையும் பக்கத்தில் வைத்து நிறுங்கள். வெற்று டப்பாவின் எடை எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அதைக் கழித்த பின்னும், ஒரு டப்பா வாரந்தோறும் ஒரே திசையில் குறைந்துகொண்டே வந்தால், அதன் மூடி போய்விட்டது. ஐம்பது கிராம் புகையிலையில் நீரே ஏழெட்டு கிராம் இருக்கும். கசிவு இருந்தால் சில வாரங்களிலேயே தராசு சொல்லிவிடும். ஏற்கெனவே முழுவதும் காய்ந்துபோன டப்பாவும் எடை மாறாமல் நிற்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். அதனால் மொத்த எடையிலிருந்து, அதே மாதிரி வெற்று டப்பாவின் எடையைக் கழித்துப் பார்த்து, அச்சிட்ட எடை உள்ளே இருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும்.

தகரப்பேழை:

இது எனக்குத் தோன்றாத வழி. தராசு வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: நைட்கேப் டப்பாவின் மூடி சற்றே மேல்நோக்கி உப்பியதுபோல் இருக்கிறது, எர்லி மார்னிங் பைப் மூடியோ நடுவில் உள்வாங்கியிருக்கிறது. உப்பியது கெட்டுவிட்டது என்று பொருளா? உணவு டப்பா உப்பினால் எறிந்துவிட வேண்டும் என்பார்களே.

அளவைக்கல்:

உணவு டப்பாவின் விதியை இங்கே கொண்டுவர வேண்டாம். உள்வாங்கிய மூடி, உள்ளே வெற்றிடம் இன்னும் நிற்பதைக் காட்டும் நல்ல அடையாளம். உப்பிய மூடியும் பெரும்பாலும் நல்ல அடையாளமே. புகையிலையில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்லப் புளிக்கும்போது வெளிவிடும் கரியமில வாயு, வெற்றிடத்தை நிரப்பி மூடியைத் தள்ளுகிறது. மூடி கசிந்திருந்தால் அந்த வாயு உள்ளே நிற்காது. அடியில் துரு இல்லையென்றால் கவலை வேண்டாம்.

பாடஇலை:

இதில் ஒரு திருத்தம் சேர்க்க விரும்புகிறேன். திறந்தபோது இலை ஈரமாக இருந்தாலே மூடி காத்தது என்று முடிவுகட்டக் கூடாது. மணமூட்டிய பல கலவைகளில் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மூடி கைவிட்ட டப்பாவிலும் இலை தொட்டால் பிசுபிசுக்கும். ஆனால் முகர்ந்தால் மணமே இருக்காது. உங்கள் ஏழில் அப்படிப்பட்டது எதுவும் இல்லை என்றே எண்ணுகிறேன்.

தகரப்பேழை:

பத்து வாரங்கள் நிறுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருள்க.

வெற்று டப்பா இத்தனை வாரத்தில் 0.03 கிராமுக்குள்ளேயே ஏறி இறங்கியது. டன்ஹில் இரண்டும், ஓல்டு கௌரியும், சோப்ரானியும் அதே எல்லைக்குள் நின்றன. எட்ஜ்வொர்த்தும் அசையவில்லை; ஆனால் அதே அளவு வெற்று டப்பா என்னிடம் இல்லாததால், அது காத்து நிற்கிறதா, காய்ந்து நிற்கிறதா என்று சொல்ல இயலவில்லை. பிரின்ஸ் ஆல்பர்ட் மழைநாளில் ஏறி வெயில்நாளில் இறங்கியது, அதாவது அதற்குள் காற்று தாராளமாகப் போய்வருகிறது. த்ரீ நன்ஸ் மட்டும் ஒவ்வொரு வாரமும் தவறாமல் குறைந்தது. பத்து வாரத்தில் 0.34 கிராம்.

அப்போதுதான் என் தயக்கத்தின் தலைகீழான வடிவம் எனக்குப் புலப்பட்டது. நன்றாக இருப்பதைத் திறந்து அனுபவிக்கலாம், சந்தேகமானதை அப்படியே வைத்துவிடலாம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். தராசு அதை மாற்றிவிட்டது. காத்து நிற்கும் மூடிக்கு என் அவசரம் தேவையில்லை. கசியும் டப்பாதான் ஒவ்வொரு வாரமும் மாமா வைத்துவிட்டுப் போனதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறது.

நேற்று மாலை த்ரீ நன்ஸைத் திறந்தேன். மூடி விளிம்பில் நாணயத்தை வைத்துத் திருப்பியபோது காற்றை உள்ளிழுக்கும் ஓசை எதுவும் எழவில்லை. மூடி எதிர்ப்பின்றி வந்துவிட்டது. மேலே மடிப்பு மடிப்பான வெள்ளைக் காகிதம், ஒரு பக்கம் மட்டும் தேநீர்க் கறைபோல் பழுத்திருந்தது. அந்தப் பக்கத்துக்கு நேரே விளிம்பின் உட்புறத்தில் விரல்நகம் அகலத்துக்குத் துருக்கோடு. காகிதம் அதில் ஒட்டிக்கொண்டிருந்ததால் மெல்லப் பிரித்தெடுத்தேன். கீழே நாணய வட்டங்கள் வரிசை குலையாமல் அடுக்கியபடி இருந்தன. வெளிவளையம் செம்பழுப்பு, நடுப்புள்ளி ஏறத்தாழக் கருப்பு. துருவை ஒட்டிய பக்கத்து வட்டங்கள் விரல் பட்டதும் நொறுங்கின. எதிர்ப்பக்கத்தில் இருந்தவை வளைந்தன, முறியவில்லை. முகர்ந்தபோது முதலில் பழைய புத்தக அலமாரியின் வாடை. சற்றுப் பொறுத்து மீண்டும் முகர்ந்தால், அதன் அடியிலிருந்து காய்ந்த அத்திப்பழமும் மிளகும் கலந்த ஒரு புளிப்பு மெல்ல எழுந்தது. பாடஇலை ஐயா சொன்ன பெரிக் அதுதான் என்று நினைக்கிறேன். சில வட்டங்களின் மேல் வெண்மையாக ஏதோ மினுக்கிறது. அது பூசணமா என்று தெரியாமல் இன்னும் பற்றவைக்கவில்லை.

பாடஇலை:

படித்தபோது மனம் நிறைந்தது. அந்த வெண்மையை உருப்பெருக்கியில் பாருங்கள். தனித்தனி மணலாக, விளக்கைச் சாய்த்தால் மின்னுவதாக இருந்தால், இலையின் உள்ளிருந்து வெளிவந்து படிந்த படிகங்கள் அவை. ஒரு துண்டை வெதுவெதுப்பான நீர்த்துளியில் வைத்தால் கரைந்துவிடும். பஞ்சுபோல், நூல்நூலாக, மங்கலாக இருந்தால் பூசணம். அது கரையாது, பழைய கிடங்கின் முடைநாற்றமும் சேர்ந்திருக்கும். பூசணம் என்றால் சிறிதளவானாலும் பிரித்தெடுத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். முழுவதையும் அப்புறப்படுத்துங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: வயது கூடுவதால் புகையிலையின் நிகோட்டினோ, புகை வாய்க்கும் தொண்டைக்கும் செய்யும் கேடோ இல்லாமல் போவதில்லை. சுவை மென்மையாக இருப்பதால் தீங்கும் மென்மை என்று எண்ணிவிடக் கூடாது.

படிகம்தான் என்றால் ஈரமூட்டும் முறையைச் சொல்கிறேன். நேரடியாக நீர் தெளிக்காதீர்கள். வட்டங்கள் திட்டுத்திட்டாக ஊறிப் பிரிந்துவிடும், பூசணத்துக்கும் வழி திறக்கும். அகன்ற கிண்ணத்தில் வட்டங்களைப் பரப்பி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கிண்ணத்தின் வாயில், இலையில் படாதவாறு இறுக்கிக் கட்டுங்கள். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் புரட்டுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் மெல்ல விரியும் பதம் வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். பிறகு ரப்பர் வளையம் கொண்ட கண்ணாடி ஜாடியில் அடைத்து, வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு வாரம் விடுங்கள். ஈரம் எல்லா வட்டத்துக்கும் சமமாகப் பரவ அவ்வளவு காலம் தேவை. அவசரப்பட்டு அன்றே பற்றவைத்தால், வெளியே ஈரமும் உள்ளே சருகுமாகக் கமறும்.

வெற்றுடப்பா:

திறந்தது சரியே என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்தத் துருக்கோட்டை மூடிய டப்பாவில் யாரும் பார்த்திருக்க முடியாது. இலையை ஜாடிக்கு மாற்றிய பின் டப்பாவை எறிந்துவிடாதீர்கள். உள்ளே ஒட்டிய தூளை உலர் தூரிகையால் தட்டிவிட்டு, ஒருநாள் திறந்தபடி காய வையுங்கள். மடிப்புக் காகிதத்தையும் கறையோடு அப்படியே பாதுகாத்து வையுங்கள்; பல சேகரிப்புகளில் டப்பா இருக்கிறது, அந்தக் காகிதம் இல்லை. மற்ற டப்பாக்களை நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டாம். வெப்பம் மாறும்போது உள்ளே நீர் கோத்து, அடிவிளிம்பில்தான் முதலில் துரு பிடிக்கும்.

தகரப்பேழை:

படிகங்கள்தான், நீர்த்துளியில் ஒரு நிமிடத்தில் கரைந்தன. துணி கட்டி ஒன்றரை நாளில் பதம் வந்தது. ஜாடியில் பதினாறு நாள் வைத்தேன். நொறுங்கிய பகுதியைத் தனியே சேர்த்துவிட்டு, முழு வட்டங்களில் மூன்றை மடித்து மாமாவின் பைப்பிலேயே அடைத்துப் பற்றவைத்தேன். முதற்பாதியில் சுவை மெலிந்தே இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பாதிக்குப் பின், பைப்பின் கிண்ணம் சூடேறியதும், அந்த அத்திப்பழப் புளிப்பு வந்து கடைசி வரை நின்றது. அத்தை அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, வாசலில் நின்று, "அவர் ஞாயிற்றுக்கிழமை பிடிப்பது இதுதான்" என்றார். மாமா எந்தப் புகையிலையை எந்த நாளில் எடுப்பார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மற்ற நான்கு டப்பாக்களின் அடியிலும் எடையையும் தேதியையும் பென்சிலால் எழுதிய சிறு சீட்டை வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை நிறுக்கப்போகிறேன். பிரின்ஸ் ஆல்பர்ட் சீட்டுக் கிழியாமல் அலமாரியில் இருக்கிறது. யாரிடமாவது அதே அளவுள்ள நீல எட்ஜ்வொர்த் வெற்று டப்பா இருந்தால், அதன் எடையை மட்டும் இங்கே எழுதுமாறு வேண்டுகிறேன். அந்த ஒன்றின் நிலைதான் இன்னும் தெரியவில்லை.